டிஸ்னி பார்க்கில் வேலை: சேருவதற்கு முன் கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசப்படுவது அமெரிக்காவின் இரண்டு டிஸ்னி வளாகங்களைப் பற்றி. ஒன்று, கலிஃபோர்னியாவின் அனஹைமில் 1955 ஜூலை 17 அன்று திறந்த டிஸ்னிலாண்ட். மற்றது, ஃப்ளோரிடாவில் ஆர்லாண்டோ பக்கத்தில் 1971 அக்டோபர் 1 அன்று திறந்த வால்ட் டிஸ்னி வேர்ல்ட். ரைடு ஓட்டுபவர், பெருக்குபவர், கடையில் நிற்பவர், சமைப்பவர், மிக்கி பக்கத்தில் நின்று வரிசையை ஒழுங்குபடுத்துபவர் என மணிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர்களின் வேலைதான் இதில் வருகிறது. அனிமேஷன் ஸ்டூடியோவில் சேர நினைப்பவர்களுக்கு இதில் பாதிதான் பொருந்தும்.

எல்லோரையும் "காஸ்ட் மெம்பர்" என்கிறார்களே, நடிக்கத் தெரிந்திருக்க வேண்டுமா?

வேண்டாம். பார்க் முழுவதும் ஒரு நாடகம் என்ற கணக்கில்தான் அங்கே எல்லாவற்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். ஊழியர் காஸ்ட் மெம்பர். வாடிக்கையாளர் கெஸ்ட். சீருடை காஸ்ட்யூம். கெஸ்ட் கண்ணில் படும் இடமெல்லாம் ஆன்ஸ்டேஜ், மற்றதெல்லாம் பேக்ஸ்டேஜ். ஆள் எடுக்கும் பிரிவுக்கும் காஸ்டிங் என்றுதான் பெயர். முதல் வாரம் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். ஒரு மாதத்தில் வாய் தானாகப் பழகிவிடும்.

ஆன்ஸ்டேஜில் செய்யக் கூடாதவை: உட்காருவது, சுவரில் சாய்வது, கைகட்டி நிற்பது, சூயிங் கம் மெல்வது, போனை வெளியே எடுப்பது. வழிகாட்டும்போது ஒற்றை விரலை நீட்டக் கூடாது. இரண்டு விரலைச் சேர்த்தோ முழுக் கையை விரித்தோதான் காட்ட வேண்டும். ஒற்றை விரல் பல நாட்டவருக்கு மரியாதைக் குறைவாகப் படும் என்பது காரணம்.

முதல் நாள் என்ன நடக்கும்?

ட்ரெடிஷன்ஸ் என்ற வகுப்பு. எந்த வேலையில் சேர்ந்தாலும் இதைத் தாண்டித்தான் போக வேண்டும். நிறுவனத்தின் வரலாறு, பேச்சு முறை, பாதுகாப்பு விதிகள், நடை உடை எல்லாம் இதில் வரும். 1955-ல் டிஸ்னிலாண்ட் திறப்புக்கு ஆட்களைப் பழக்க வான் ஃப்ரான்ஸ் என்பவரைக் கொண்டு வந்தார்கள். அவர் போட்ட அடித்தளத்திலிருந்துதான் டிஸ்னி யுனிவர்சிட்டி என்ற பயிற்சிப் பிரிவு வளர்ந்தது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது பட்டம் தரும் பல்கலைக்கழகம் இல்லை.

வகுப்பு திறமையாகக் கட்டப்பட்டது. படமும் இசையும் கதையுமாகப் போகும். சிலர் கண்கலங்குவதும் உண்டு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சூட்டில் மணி நேரத்துக்கு எவ்வளவு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உத்தரவாதம் என்று கேட்க மறந்துவிடுகிறார்கள். அந்த இரண்டையும் வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெயர்ப்பட்டையில் முதல் பெயரும் சொந்த ஊரும் இருக்கும். மேலாளரையும் முதல் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். வால்ட் டிஸ்னி காலத்திலிருந்து அதுதான் வழக்கம். நம்மவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பாஸ்போர்ட்டில் எது கிவன் நேம், எது சர்நேம் என்று மாறிப் பதிவாகியிருந்தால், நெஞ்சில் அப்பா பெயரைக் குத்திக்கொண்டு திரிய வேண்டியிருக்கும். விண்ணப்பத்திலேயே அழைக்கும் பெயரைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள்.

"ஐந்து சாவிகள்" என்றால் என்ன? இன்டர்வியூவில் கேட்பார்களா?

பாதுகாப்பு, மரியாதை, அனைவரையும் சேர்த்துக்கொள்ளுதல், காட்சி, வேகம். நெடுங்காலம் நான்காக இருந்தது; மூன்றாவதாக நிற்கும் "சேர்த்துக்கொள்ளுதல்" சமீப ஆண்டுகளில் வந்து சேர்ந்தது. வார்த்தைகளை ஒப்பித்தால் போதாது, வரிசைதான் விஷயம். இரண்டு சாவிகள் மோதினால் முன்னால் இருப்பதுதான் ஜெயிக்கும்.

ஒரு நிலைமையைப் பாருங்கள். வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குள் இருக்கும் மேஜிக் கிங்டம் பார்க்கில் ஸ்பேஸ் மவுன்டன் என்ற ரைடில் ஏற 44 அங்குல உயரம் வேண்டும். ஒரு மணி நேரம் வரிசையில் நின்ற குழந்தை 43½ அங்குலம் இருக்கிறது. அப்பா கெஞ்சுகிறார், பின்னால் கூட்டம் முனகுகிறது. நீங்கள் செய்ய வேண்டியது: ஷூவோடு, குதிகால் தரையில் படும்படி நிற்க வைத்து, அளவுக் கம்பியில் இன்னொரு முறை பாருங்கள். தலை கம்பியைத் தொடவில்லை என்றால் கிடையாது. "இந்த ஒரு தடவை" என்ற பேச்சே இல்லை. மரியாதை அதற்கு அடுத்துத்தான் வருகிறது: குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து பேசுங்கள். அப்பா ஏறிவிட்டு வந்ததும் அம்மா மறுபடி வரிசையில் நிற்காமல் ஏறும் ரைடர் ஸ்விட்ச் வசதியைச் சொல்லுங்கள். பக்கத்தில் குழந்தை ஏறக்கூடிய ரைடு எது என்று காட்டுங்கள். இதில் வரிசை இரண்டு நிமிடம் தாமதமானால் ஆகட்டும். வேகம் கடைசிச் சாவி.

அதே கணக்குத்தான் அவசர நிறுத்தப் பொத்தானுக்கும். ஓடும் படகில் ஒருவர் எழுந்து நின்றாலே நிறுத்தலாம். நிறுத்திய பிறகு மறுபடி ஓட்ட நேரம் பிடிக்கும், நூறு பேர் முறைப்பார்கள். புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு, பொத்தானை அழுத்துமுன் சீனியரின் முகத்தைப் பார்ப்பது. பார்க்காதீர்கள், அழுத்துங்கள்.

பயிற்சி எத்தனை நாள்?

வேலையைப் பொறுத்தது. பெரிய ரைடுகளில் ஒரு பயிற்சியாளரோடு பல நாள் ஒட்டிக்கொண்டே நடக்க வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் நிற்கப் பழக்குவார்கள்: வாசலில் வரவேற்பு, உட்கார வைத்தல், கட்டுப்பாட்டு மேஜை, இறக்கிவிடுதல். கடைசியில் அறிவுச் சோதனையும் செய்முறைச் சோதனையும் உண்டு. அதுவரை பெயர்ப்பட்டைக்குக் கீழே, பயிற்சியில் இருப்பவர் என்று காட்டும் ரிப்பன் தொங்கும். அதைக் கழற்ற அவசரப்படாதீர்கள். ரிப்பன் இருக்கும்வரை கெஸ்ட்டும் பொறுத்துக்கொள்வார், சக ஊழியரும் பொறுத்துக்கொள்வார்.

ரேடியோவில் சில குறிச்சொற்களும் பழக வேண்டும். ரைடு நின்றுவிட்டால் "101", திரும்ப ஓடினால் "102". யாராவது வாந்தி எடுத்துவிட்டால் "கோட் வி". கடைசியாகச் சொன்னதுதான் கோடை மாதங்களில் அதிகம் காதில் விழும்.

"மூணு மணி ஊர்வலம் எத்தனை மணிக்கு?" என்று கேட்டால் என்ன சொல்வது?

சிரிக்கக் கூடாது. இந்தக் கேள்வியைப் பயிற்சியிலேயே உதாரணமாகச் சொல்கிறார்கள். கேட்பவருக்கு மூன்று மணி தெரியும். நான் நிற்கும் இடத்துக்கு அது எப்போது வரும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கே நின்றால் தெரியும், அதற்குள் பாத்ரூம் போய்வர நேரம் இருக்கிறதா என்பதுதான் அவருக்குத் தேவை. ஆகவே "மூன்று மணிக்குக் கிளம்பும், இந்த முனைக்கு வர இருபது நிமிடம் ஆகும், அந்த மரத்தடியில் நிழல் இருக்கிறது" என்ற மாதிரிப் பதில். தெரியாத கேள்வி வந்தால் "தெரியாது" என்று நிறுத்தாமல், போன் போட்டுக் கேட்டுச் சொல்ல வேண்டும். பெருக்குபவரிடம்தான் இப்படிப்பட்ட கேள்விகள் அதிகம் வரும், ஏனென்றால் அவர்தான் எங்கும் இருக்கிறார். அதனால் அவருக்கு விளக்குமாறு பிடிப்பதோடு ஊர்வல நேரமும் பாத்ரூம் இருக்கும் இடமும் மனப்பாடம் ஆகியிருக்க வேண்டும்.

காஸ்ட்யூமை யார் துவைப்பது? தாடி, டாட்டூ இருந்தால்?

காஸ்ட்யூம் நிறுவனத்துடையது, சலவையும் அவர்கள் பொறுப்பு. எடுக்கும்போதும் கொடுக்கும்போதும் உங்கள் பெயரில் பதிவாகும். திருப்பாவிட்டால் உங்கள் கணக்கில் நிற்கும். ஷூ நீங்கள் வாங்க வேண்டும். காசைக் கொஞ்சம் கூடப் போட்டு, வழுக்காத அடிப்பாகமும் மெத்தென்ற உட்பாகமும் உள்ளதாக வாங்குங்கள். எட்டு மணி நேரம் கான்கிரீட்டில் நிற்கும் வேலை. முதல் மாதம் விலகுகிறவர்களிடம் காலைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

தோற்ற விதிகளுக்கு "டிஸ்னி லுக்" என்று பெயர். மீசை வைத்திருந்த வால்ட் டிஸ்னியின் பார்க்கிலேயே ஊழியருக்கு நெடுங்காலம் மீசை தடை. 2012-ல் கால் அங்குலத்துக்கு மேற்படாத ஒழுங்கான தாடிக்கு அனுமதி வந்தது. 2021-ல் முகம், கழுத்து தவிர மற்ற இடங்களில் டாட்டூ தெரியலாம் என்றார்கள்; ஆண் பெண் என்று பிரித்து வைத்திருந்த சிகை, நகை விதிகளும் தளர்ந்தன. மத அடையாளங்களுக்கு விலக்கு கேட்கலாம். டர்பனும் தாடியும் வைத்த சீக்கிய ஊழியர் ஒருவரை கெஸ்ட் கண்ணில் படாத தபால் தடத்தில் மட்டும் வைத்திருந்தார்கள். பிரச்சினை வெளியே வந்து 2015-ல்தான் அது மாறியது. எனவே விலக்கு வேண்டுமென்றால் வேலைக்கு வந்தபின் வாக்குவாதம் செய்யாமல், சேரும்போதே எழுத்தில் கேளுங்கள்.

சலவை பற்றி இன்னொன்று. ஃப்ளோரிடாவில் கதாபாத்திர உடைக்குள் போடும் உள்ளாடைகளைக்கூட 2001 வரை பொதுவில்தான் வைத்திருந்தார்கள்: ஒருவர் போட்டதை மறுநாள் இன்னொருவர். பேனும் சொறியும் பரவியதாகப் புகார் எழுந்தது. டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்கம் பேசித்தான் ஆளுக்கொரு தனி உள்ளாடை வந்தது. மாயாஜாலத்தின் நகரம் என்ற பெயர் இருந்தாலும், இது போன்றவை கேட்டு வாங்கியவைதான்.

பார்க்குக்கு அடியில் சுரங்கம் இருக்கிறதாமே?

மேஜிக் கிங்டமில் இருக்கிறது. பெயர் யூட்டிலிடார். உண்மையில் அது சுரங்கமில்லை, தரைத்தளம். ஃப்ளோரிடாவில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வரும். அதனால் முதலில் தரைமட்டத்தில் நடைபாதைகளைக் கட்டி, முன்னால் ஏரி வெட்டிய மண்ணைக் கொட்டி மூடி, அதன்மேல் பார்க்கைக் கட்டினார்கள். கெஸ்ட் நடப்பது முதல் மாடியில். கௌபாய் உடையில் ஒருவர் எதிர்காலப் பகுதி வழியாக வேலைக்குப் போவதை டிஸ்னிலாண்டில் பார்த்து வால்ட் டிஸ்னி எரிச்சலடைந்ததாகச் சொல்வார்கள். யோசனை அங்கிருந்து வந்தது. குப்பையும் குழாய் வழியே காற்றால் உறிஞ்சப்பட்டு இதே தளத்தில்தான் போகிறது. முதல் வாரம் வழி தவறுவது நிச்சயம், சுவரின் நிறத்தைப் பார்த்து நடங்கள்.

மிக்கியாக வேலை பார்க்க முடியுமா?

ஆடிஷன் உண்டு. உயரம்தான் முதல் வடிகட்டி. மிக்கிக்கு ஒரு அளவு, கூஃபிக்கு வேறு அளவு. அதன் பிறகுதான் அசைவும் நடிப்பும். உடைக்குள் வெப்பமும் எடையும் கடுமை. அதனால் கொஞ்ச நேரம் வெளியே, கொஞ்ச நேரம் ஓய்வு என்று மாறி மாறிப் போகும், வெப்பம் ஏறினால் வெளியே நிற்கும் நேரம் குறையும். கூடவே ஒரு உதவியாளர் இருப்பார். தலைசுற்றினால் முன்பே ஒப்புக்கொண்ட சைகையை அவருக்குக் காட்ட வேண்டும், பேசக் கூடாது.

"நான்தான் மிக்கி" என்று வெளியே சொல்லவும் கூடாது. "மிக்கியின் நண்பர்" என்பார்கள். உடையணிந்த, உடை கழற்றிய பேக்ஸ்டேஜ் படங்களை இன்ஸ்டாகிராமில் போட்டால் வேலை போகும். இது மிரட்டல் இல்லை, நடைமுறை.

சம்பளம் போதுமா?

சுருக்கமாக: தனியாக வீடு எடுத்து வாழ, பல வருடம் போதவில்லை. 2018-ல் தொழிற்சங்கக் கூட்டமைப்பு ஏற்பாடு செய்து வெளியான ஆய்வில், கேட்கப்பட்ட டிஸ்னிலாண்ட் ஊழியர்களில் 11 சதவீதம் பேர் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வீடற்ற நிலையில் இருந்ததாகச் சொன்னார்கள். 73 சதவீதம் பேர் மாதச் செலவுக்குச் சம்பளம் போதவில்லை என்றார்கள். சங்கங்கள் செய்தது என்று ஒதுக்கலாம், ஆனால் பின்னால் நடந்த உயர்வுகள் அந்தப் புகாருக்குப் பதிலாகத்தான் வந்தன.

ஃப்ளோரிடாவில் ஆறு சங்கங்கள் சேர்ந்த கூட்டமைப்பு பேசி, 2018 ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச சம்பளத்தை மணிக்கு 15 டாலருக்குக் கொண்டு வந்தது. 2023 மார்ச்சில் 18 டாலர் முடிவானது. அனஹைமில் 2024-ல் வேலைநிறுத்தத்துக்கு வாக்கெடுப்பு நடந்து, 24 டாலர் என்று ஒப்பந்தம் ஆனது. நகர மானியம் பெறும் நிறுவனங்களுக்கான உள்ளூர் ஊதியச் சட்டத்தில் டிஸ்னிலாண்ட் அடங்காது என்று நிறுவனம் வாதாடித் தோற்றது. அந்த வழக்கில் 2024 இறுதியில் 23.3 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது.

18 டாலர், வாரம் 40 மணி நேரம் என்றால் வரிக்கு முன் 720 டாலர். 40 மணி நேரத்துக்கு மேல் ஒன்றரை மடங்கு. ஆனால் பகுதிநேரமாகச் சேர்ந்தால் ஜனவரி, செப்டம்பர் போன்ற மந்த மாதங்களில் 40 வராது. பட்ஜெட்டை மந்த மாதத்துக்குப் போடுங்கள், டிசம்பருக்குப் போடாதீர்கள்.

நேசிக்கும் இடத்தில் வேலை செய்ய ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். சம்பளம் குறைவாக இருந்தும் நிற்பார்கள். அந்த நேசம் பொய்யில்லை. முப்பது வருடம் ஒரே ரைடில் இருப்பவர்களைப் பார்க்கலாம். ஆனால் பேச்சுவார்த்தை மேஜையில் அது நிறுவனத்தின் பக்கத்துக்குத்தான் எடை சேர்க்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு சேருங்கள்.

வேறு சலுகைகள்?

பார்க்குக்குள் இலவச அனுமதி, வருடத்தில் சில நாள் குடும்பத்தினருக்கும். பொருள்களிலும் உணவிலும் தள்ளுபடி. கிறிஸ்துமஸ் சமயம் கூடும். நெரிசல் நாட்களில் இலவச அனுமதி செல்லாது, அப்பா அம்மா ஊரிலிருந்து வரும் தேதியை அதற்குத் தகுந்தாற்போல் வையுங்கள். இவை எல்லாவற்றையும் விடப் பெரியது ஆஸ்பயர் என்ற கல்வித் திட்டம்: 2018-ல் தொடங்கியது, குறிப்பிட்ட கல்லூரிகளின் கட்டணத்தை நிறுவனமே நேரடியாகக் கட்டும். தகுதி இருந்தும் விண்ணப்பிக்காமல் விடுவது வீண்.

சேவை ஆண்டுகளுக்கு ஊசிப் பதக்கங்கள் உண்டு. சிறந்த ஊழியர்களுக்குத் தரும் லெகசி விருதைப் பெற்றவரின் பெயர்ப்பட்டை நீலம். நீலப்பட்டை வைத்திருப்பவரிடம் சந்தேகம் கேட்டால் கையேட்டை விட நல்ல பதில் கிடைக்கும்.

ஷிஃப்டு, லீவு எப்படி?

பண்டிகைகள்தான் உச்ச வேலை நாட்கள். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை லீவு எதிர்பார்க்க வேண்டாம். வருகைக்குப் புள்ளி முறை: தாமதம், லீவு சொல்வது, சொல்லாமல் வராமல் இருப்பது என ஒவ்வொன்றுக்கும் புள்ளி ஏறும், கடைசியதற்குத்தான் அதிகம். புள்ளி சேர்ந்தால் எச்சரிக்கை, பிறகு வேலை நீக்கம். உடம்பு சரியில்லை என்றாலும் ஷிஃப்டு தொடங்கும் முன் போன் செய்யுங்கள். ஊழியர் கார் நிறுத்துமிடம் தொலைவில் இருக்கும். பஸ், காஸ்ட்யூம், நடை என்று நேரம் பிடிக்கும். தாமதப் புள்ளிகளில் பெரும்பாலானவை இந்தத் தூரத்தைக் கணக்கில் எடுக்காததால் வருபவை.

"நாம் எல்லாம் ஒரு குடும்பம்" என்கிறார்கள். ஆட்குறைப்பு நடக்காதா?

நடக்கும், நடந்திருக்கிறது. 1941 மே மாதம் வால்ட் டிஸ்னியின் சொந்த ஸ்டூடியோ அனிமேட்டர்களே, சங்கம் சேர்ந்த ஆர்ட் பாபிட்டை வேலையை விட்டு எடுத்ததும் வாசலில் மறியல் செய்தார்கள். அரசு நடுவர் தலையிட்டு, நிறுவனம் சங்கத்தை ஏற்றுக்கொண்டது. 2020 செப்டம்பரில், கொரோனாவில் பார்க்குகள் முடங்கியபோது 28,000 பேரை நீக்குவதாக அறிவித்தார்கள். பிறகு அது 32,000 ஆனது. 2023-ல் நிறுவனம் முழுவதும் 7,000.

நம்மூர் ஐ.டி. ஆட்களுக்கு நேரடியாகத் தொடர்புடையது 2014-15-ல் ஆர்லாண்டோவில் நடந்தது. சுமார் 250 தொழில்நுட்ப ஊழியர்கள் நீக்கப்பட்டு, எச்.சி.எல்., காக்னிசன்ட் மூலம் வந்தவர்களில் பலர் அந்த இடங்களில் அமர்ந்தார்கள். போகிறவர்களே வருகிறவர்களுக்கு வேலையைக் கற்றுக்கொடுக்கவும் நேர்ந்தது. வழக்குகள் 2016-ல் தள்ளுபடியாயின. எச்-1பி விசாவில் போகிறவர்கள் அந்தச் சூழலில் தங்களை எப்படிப் பார்ப்பார்கள் என்று தெரிந்துகொண்டு போவது நல்லது.

தமிழ்நாட்டிலிருந்து எப்படிச் சேர்வது?

ஃப்ளோரிடா வளாகத்தின் எப்காட் பார்க்கில் நாடுகளுக்கான அரங்குகளில் அந்தந்த நாட்டவரை வேலைக்கு வைக்க கியூ-1 விசா இருக்கிறது. அதிகபட்சம் 15 மாதம். ஆனால் அங்கே இந்திய அரங்கு கிடையாது, அந்தக் கதவு நமக்கு அநேகமாக மூடியிருக்கிறது. அமெரிக்காவில் எஃப்-1 விசாவில் படிப்பவர்களுக்கு, மாணவர்களைப் பார்க் வேலைக்கு எடுக்கும், 1981 முதல் நடக்கும் காலேஜ் ப்ரோகிராம் ஒரு வழி. அதற்குக் கல்லூரி அலுவலகம் பயிற்சி அனுமதி கொடுத்தாக வேண்டும். முதலில் அங்கே கேளுங்கள், விண்ணப்பம் பிறகு. தங்குமிட வாடகை சம்பளத்திலேயே வாராவாரம் பிடிக்கப்படும்.

இந்தியாவிலிருந்து நேராகப் போக நடைமுறை வழி டிஸ்னி க்ரூஸ் கப்பல்கள்: சமையல், உணவு பரிமாறல், அறைப் பராமரிப்பு. மாதக்கணக்கில் ஒப்பந்தம், பகிர்ந்த கேபின், வார விடுமுறை இல்லை. சர்வதேச விதிப்படி 24 மணி நேரத்தில் 10 மணி நேர ஓய்வு தர வேண்டும். அபுதாபி யாஸ் தீவில் 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட டிஸ்னி பார்க்கைக் கட்டி நடத்தப் போவது மிரால் நிறுவனம். டோக்கியோவிலும் ஓரியன்டல் லேண்ட் என்ற நிறுவனம்தான் முதலாளி. முன்பு டிஸ்னியிடம் இருந்த விஜய் டி.வி. வேலையை இதோடு சேர்க்க வேண்டாம்: 2024 நவம்பர் முதல் அது ரிலையன்ஸ் கட்டுப்பாட்டில் உள்ள ஜியோஸ்டாரின் கீழ் இருக்கிறது.

ஏஜென்ட் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

கூடாது. கப்பல் வேலைக்கு ஆள் எடுக்கும் இந்திய ஏஜென்சிக்குக் கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் ஆர்.பி.எஸ்.எல். என்ற ஆள்சேர்ப்பு உரிமம் வேண்டும்; வேலை வாங்கித் தர மாலுமியிடம் கட்டணம் வாங்க அதற்கு அனுமதி இல்லை. மருத்துவப் பரிசோதனை, பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ், பாஸ்போர்ட் ஆகியவற்றுக்கு யார் எவ்வளவு செலவிட வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். உரிம எண்ணை இயக்குநரகத்தின் தளத்தில் நீங்களே சரிபாருங்கள். வாட்ஸ்அப்பில் வரும் மிக்கி முத்திரையிட்ட ஆஃபர் லெட்டருக்கு மதிப்பில்லை.

நடுவில் விட்டுவிட்டு வர முடியுமா?

முடியும். இரண்டு வாரம் முன்பே எழுத்தில் சொல்லுங்கள், காஸ்ட்யூமையும் அடையாள அட்டையையும் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். சொல்லாமல் நின்றால் மறுபடி எடுக்க வேண்டாம் என்று உங்கள் பதிவில் குறித்துவிடுவார்கள். நிறுவனத் தங்குமிடத்தில் இருப்பவர்களுக்கு வேலை முடிந்தால் அறையும் சீக்கிரமே முடியும், விசா அந்த வேலையோடு கட்டப்பட்டிருந்தால் அதுவும் முடியும். ஆகவே ராஜினாமா மெயிலுக்கு முன்னால் டிக்கெட் போடுங்கள்.